மரபுவழி மார்பகப் புற்றுநோயும் இடர்குறைப்பு மார்பக அகற்றமும்: முடிவெடுத்தலில் காலத்தின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 ஆகிய மரபணுக்களில் பிறழ்வுடன் பிறந்த பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் இடர் மிகுதி. நோய் தோன்றும் முன்னரே இரு மார்பகங்களையும் அகற்றிக்கொள்வதா என்னும் வினா அவர்முன் நிற்கிறது. இவ்வினாவை 'அகற்றுவதா, வேண்டாமா' என இருகூறாக்குவது பொருந்தாது. எந்த மரபணு, எந்த வயது, எத்தனை ஆண்டுக் கால அளவு என்பவற்றைக் கொண்டே அதனை அணுக வேண்டும் என்பதை வெளிவந்துள்ள மருத்துவ ஆய்வுகளின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மரபணுப் பிறழ்வு, பிஆர்சிஏ, வாழ்நாள் இடர், இடர்குறைப்பு அறுவை, மரபியல் ஆலோசனை, அறிவியல் தமிழ்

முன்னுரை

2013ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் நடிகை ஏஞ்சலினா ஜோலி ஒரு கட்டுரை எழுதினார். தமக்குப் பிஆர்சிஏ-1 மரபணுவில் பிறழ்வு இருப்பதாகவும், மார்பகப் புற்றுநோய்க்கு 87 விழுக்காடும் சினைப்பைப் புற்றுநோய்க்கு 50 விழுக்காடும் இடர் உண்டென மருத்துவர்கள் மதிப்பிட்டதாகவும், அதனால் இரு மார்பகங்களையும் அகற்றிக்கொண்டதாகவும் அதில் தெரிவித்திருந்தார். அப்போது அவருக்கு வயது 37. அவருடைய தாய் ஏறத்தாழப் பத்தாண்டுகள் புற்றுநோயோடு போராடி 56ஆம் வயதில் இறந்தவர். கட்டுரை வெளியான இரு வாரங்களுக்குள் தாயின் தங்கையும் மார்பகப் புற்றுநோயால் இறந்தார்.

அக்கட்டுரையின் தாக்கம் பெரிது. பிரித்தானியாவில் அவ்வாண்டு ஜூன், ஜூலை மாதங்களில் மரபுவழிப் புற்றுநோய் ஆலோசனைக்குப் பரிந்துரைக்கப்பட்ட பெண்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்காயிற்று. உலகெங்கும் படித்தவர் மனத்தில் 87 என்னும் எண் தங்கிவிட்டது. அவ்வெண் எந்த வயதுவரைக்குமானது, எத்தகைய குடும்பங்களிலிருந்து பெறப்பட்டது, 37 வயதுப் பெண்ணுக்கும் 60 வயதுப் பெண்ணுக்கும் ஒரே பொருளைத் தருமா என்னும் வினாக்கள் எழவில்லை. முடிவெடுக்க வேண்டிய பெண்ணுக்கு அவ்வினாக்களே முதன்மையானவை.

தொடங்குமுன் ஒன்றைக் கூற வேண்டும். மார்பகப் புற்றுநோய்களுள் 5 முதல் 10 விழுக்காடு வரையானவையே மரபுவழிப் பிறழ்வால் நேர்வன. தாய்க்கோ அக்காளுக்கோ நோய் வந்தது என்பதனால் மட்டும் ஒரு பெண் பிறழ்வுடையவர் ஆகிவிடுவதில்லை. இக்கட்டுரையில் பேசப்படுவது, ஆய்வுக்கூடச் சோதனையில் பிறழ்வு உறுதியாகி, நோய் இன்னும் தோன்றாத பெண்களைப் பற்றியே.

சொல்லாட்சி குறித்து

தமிழில் இப்பொருளை எழுதுவோர் 'முன்தடுப்பு அறுவை' என்றே பெரிதும் வழங்குகின்றனர். 'தடுப்பு' என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது தடுப்பூசி. போட்டுக்கொண்டால் நோய் அண்டாது என்னும் உறுதி அச்சொல்லோடு ஒட்டி வருகிறது. மார்பக அகற்றம் அவ்வுறுதியைத் தருவதன்று. ஆங்கில மருத்துவ எழுத்துகளிலும் தடுப்பைக் குறித்த பழைய அடைமொழி மெல்ல விலகி, இடரைக் குறைப்பது என்னும் பொருளுடைய தொடர் இடம்பெற்றுள்ளது. அதனால் இங்கே 'இடர்குறைப்பு அறுவை' என்பதே ஆளப்படுகிறது.

'நோய் வரும் வாய்ப்பு' என்பதும் ஏற்புடையதாக இல்லை. வாய்ப்பு என்பது வேலைக்கும் கல்விக்கும் உரிய சொல். புற்றுநோய் கிட்டினால் நல்லது என்பதுபோல் ஒலிக்கிறது. 'இடர்' பொருந்துகிறது. பிறழ்வுடைய, ஆனால் நோயற்ற பெண்ணை என்னவென்று அழைப்பது என்பது இன்னும் தீராத சிக்கல். நோயாளி என்பது பிழை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டளவில் இத்தகைய பெண்களே தமக்கெனப் 'பிரிவைவர்' என்றொரு சொல்லைப் படைத்துக்கொண்டனர். நோய் வருமுன்னரே அதன் இடரோடு வாழ்பவர் என்பது கருத்து. தமிழில் அதற்கு நிகராக நிலைபெற்ற சொல் இல்லை. இங்கே 'பிறழ்வுடையவர்' என்றே குறிக்கப்படுகிறது.

87 என்னும் எண் வந்த வழி

ஒரே குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் தொடர்வதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்கா தம் மனைவியின் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளாகப் பெண்கள் இந்நோயால் இறந்ததை 1866இல் பதிவு செய்தார். அதற்கான மரபணு 17ஆம் குரோமோசோமில் உள்ளதென மேரி கிளேர் கிங் 1990இல் நிறுவினார். 1994இல் பிஆர்சிஏ-1 பிரித்தறியப்பட்டது. அடுத்த ஆண்டே 13ஆம் குரோமோசோமில் பிஆர்சிஏ-2 கண்டறியப்பட்டது.

இம்மரபணுக்களின் பணி, உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. இழைகள் இரண்டும் அறுபடும்போது அவற்றைப் பிழையின்றி ஒட்டிச் சீர்செய்வது. ஒவ்வொருவருக்கும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு படிகள் உள்ளன. ஒரு படி பழுதுடன் பிறந்தாலும் மற்றது வேலையைச் செய்கிறது. வாழ்நாளில் ஏதேனும் ஓர் உயிரணுவில் அந்த நல்ல படியும் கெட்டுவிட்டால் அங்கே பழுதுகள் சீராகாமல் குவிகின்றன. புற்று தொடங்குவது அவ்வாறே. எனவே பிறவியில் வருவது நோய் அன்று. காவலர் இருவர் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவர் மட்டும் நிற்கும் நிலையே பிறவியில் வருகிறது.

மரபணுவைத் தேடிய ஆய்வாளர்கள், நோய் அடுத்தடுத்துத் தாக்கிய குடும்பங்களையே தேர்ந்தெடுத்தனர். தேடுவதற்கு அதுவே வழி. அக்குடும்பங்களிலிருந்து 1994இல் கணக்கிடப்பட்டதே, பிஆர்சிஏ-1 பிறழ்வுடையவருக்கு 70 வயதிற்குள் 87 விழுக்காடு இடர் என்னும் மதிப்பீடு. ஓர் ஊரின் மழையளவை வெள்ளம் புகுந்த தெருவில் மட்டும் நின்று அளப்பது போன்றது இது. குடும்ப வரலாற்றைக் கருதாமல் தெரிவு செய்யப்பட்ட நோயாளிகளைக் கொண்ட 22 ஆய்வுகளை இணைத்து 2003இல் கணக்கிட்டபோது, 70 வயதிற்குள் பிஆர்சிஏ-1க்கு 65, பிஆர்சிஏ-2க்கு 45 விழுக்காடு எனக் குறைந்தது. பிறழ்வுடைய ஏறத்தாழப் பத்தாயிரம் பெண்களைத் திரட்டி, நோயற்றிருந்தோரைக் காலப்போக்கில் பின்தொடர்ந்து 2017இல் வெளியிடப்பட்ட பன்னாட்டு ஆய்வு, 80 வயதிற்குள் முறையே 72, 69 விழுக்காடு எனக் காட்டியது. இன்று நம்பத்தக்க மதிப்பீடாகக் கொள்ளப்படுவது இதுவே.

இதனால் 87 பொய்யான எண் ஆகிவிடாது. நெருங்கிய உறவினருள் நோயுற்றோர் மிகும்போது பிறழ்வுடையவரின் இடரும் உயர்கிறது என 2017ஆம் ஆண்டு ஆய்வே காட்டுகிறது. தாய், பாட்டி, சித்தி என மூவரைப் புற்றுநோய்க்கு இழந்த ஜோலி போன்றோருக்கு உயர்ந்த மதிப்பீடு பொருந்தக்கூடும். அவருடைய எண்ணை மற்றொரு பெண் தமக்குரியதாக எடுத்துக்கொள்வதே தவறு.

வயதுவாரிக் கணக்கு

வாழ்நாள் இடர் என்பது கூட்டுத்தொகை. பிறழ்வுடைய பெண்ணுக்குத் தேவைப்படுவதோ அடுத்து வரும் சில ஆண்டுகளின் கணக்கு. 2017ஆம் ஆண்டு ஆய்வு தரும் வயதுவாரி எண்கள் இவை: பிஆர்சிஏ-1 பிறழ்வுடைய 100 பெண்களுள் 30 வயதிற்குள் நோயுறுவோர் 4 பேர், 40 வயதிற்குள் 24, 50இல் 43, 60இல் 56, 70இல் 66, 80இல் 72. பிஆர்சிஏ-2 பிறழ்வுடையோருள் 30 வயதிற்குள் அதே 4 பேர். ஆனால் 40 வயதிற்குள் 13 பேரே. பின்னர் 35, 53, 61, 69 என உயர்கிறது.

இவ்விரு வரிசைகளும் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு நடுவில் உள்ளது. பிஆர்சிஏ-1இல் இடர் முப்பதுகளிலேயே செங்குத்தாக ஏறுகிறது. பிஆர்சிஏ-2இல் அவ்வேற்றம் நாற்பதுகளுக்குத் தள்ளிப்போகிறது. முப்பதாம் வயதில் நோயின்றி இருக்கும் பெண்ணுக்கு அடுத்த பத்தாண்டுகளில் பிஆர்சிஏ-1 எனில் ஏறத்தாழ 21 விழுக்காடும், பிஆர்சிஏ-2 எனில் ஏறத்தாழ 9 விழுக்காடும் இடர் என இவ்வெண்களிலிருந்து கணக்கிடலாம். குழந்தைப்பேறு, தாய்ப்பாலூட்டல் ஆகியவை அமையும் பத்தாண்டுகளும் பெரும்பாலும் இவையே. வாழ்நாள் எண்ணை மட்டும் கேட்டவருக்கு இவ்வேறுபாடு தெரியவே தெரியாது.

மறுமுனையில் 60 வயதுவரை நோயின்றி வாழ்ந்த பிஆர்சிஏ-1 பிறழ்வுடைய பெண்ணை நோக்கலாம். சோதனை முடிவு வந்ததும் 72 விழுக்காடு என்று அவரிடம் சொல்லப்பட்டால், அது அவர் ஏற்கெனவே கடந்துவிட்ட ஆண்டுகளின் இடரையும் அவர் தலையில் சுமத்துவதாகும். 100 பேரில் 60ஆம் வயதில் நோயின்றி எஞ்சியோர் 44 பேர்; அவர்களுள் அடுத்த இருபது ஆண்டுகளில் நோயுறுவோர் 16 பேர். அதாவது 36 விழுக்காடு. சிறிய எண் அன்று. எனினும் கேட்ட எண்ணில் பாதி.

நாற்பது வயதைக் கடந்த பிறகு நோயற்ற 1000 பிறழ்வுடையோருள் ஆண்டொன்றுக்கு 20 முதல் 30 பேர்வரை நோயுறுகின்றனர். இவ்வீதம் ஏறத்தாழ நிலையாக நீடிக்கிறது. ஓராண்டு தள்ளிப்போட்டால் 2 முதல் 3 விழுக்காடு. பத்தாண்டு தள்ளிப்போட்டால் ஏறத்தாழ 22 விழுக்காடு. சோதனை முடிவு கையில் கிடைத்த வாரத்திலேயே அறுவைக்கு நாள் குறிக்கும் பதற்றமும் தேவையற்றது. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று பத்தாண்டுகளைக் கடத்துவதும் செலவற்றதன்று.

நோய் குறைதலும் உயிர் பிழைத்தலும்

அறுவையின் பயன் குறித்த முதல் வலுவான சான்று 1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வந்தது. குடும்ப வரலாறு காரணமாக இரு மார்பகங்களையும் அகற்றிக்கொண்ட 639 பெண்களைப் பின்தொடர்ந்ததில், எதிர்பார்க்கப்பட்ட நோயில் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்திருந்தது. 2001இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் பிறழ்வுடைய 139 பெண்களுள் அறுவையைத் தேர்ந்த 76 பேரில் ஒருவருக்கும் நோய் வரவில்லை; கண்காணிப்பைத் தேர்ந்த 63 பேரில் 8 பேருக்கு வந்தது. சராசரிப் பின்தொடர்வு மூன்று ஆண்டுகளே என்பதையும் கருத வேண்டும். 2010இல் வெளிவந்த பெரிய ஆய்வில் அறுவை செய்துகொண்ட 247 பேரில் ஒருவருக்கும் நோயில்லை. செய்துகொள்ளாத 1,372 பேரில் 98 பேர் நோயுற்றனர்.

இடர் முற்றும் நீங்காமைக்குக் காரணம் உடற்கூறு. மார்பகத் திசுவுக்கு உறைபோன்ற தெளிவான எல்லை இல்லை. அது அக்குளை நோக்கியும் தோலடியிலும் பரவியிருக்கிறது. தோலின் குருதியோட்டத்தைக் காக்க மெல்லிய படலம் ஒன்றை விட்டுவைக்க வேண்டியுள்ளது. அப்படலத்தில் எஞ்சும் திசுவில் இடரும் சிறிது எஞ்சுகிறது.

இதுவரை கூறியது நோய் தோன்றுதல் பற்றியது. உயிர் பிழைத்தல் பற்றிய கணக்கு வேறு. இதழ்களில் இவ்விரண்டும் அடிக்கடி குழம்பிவிடுகின்றன. பிறழ்வுடைய 2,857 பெண்களைக் கொண்டு நெதர்லாந்தில் 2019இல் வெளியான ஆய்வின்படி, 65 வயதுவரை மார்பகப் புற்றுநோயால் இறவாதோர் பிஆர்சிஏ-1இல் கண்காணிப்பில் இருந்தோருள் 93 விழுக்காடு, அறுவை செய்துகொண்டோருள் 99.7 விழுக்காடு. பிஆர்சிஏ-2இல் கண்காணிப்பில் 98, அறுவையில் 100 விழுக்காடு. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட குழுக்கள் அல்ல இவை. உடல்நலம் மிக்கோரே அறுவையைத் தேர்ந்திருக்கவும் கூடும். அதனைக் கழித்துப் பார்த்தாலும், நோய் வரும் இடர் 60 விழுக்காட்டுக்கு மேல் எனக் கேட்டு அஞ்சும் பெண்ணுக்கு, முறையான கண்காணிப்பில் இருந்தால் அந்நோயால் 65 வயதிற்குள் இறக்கும் இடர் ஒற்றை இலக்கமே என்பது தெரிந்தாக வேண்டிய செய்தி.

இரு மரபணுக்களுக்கும் இடையிலான இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. பிஆர்சிஏ-1இல் தோன்றும் கட்டிகள் பெரும்பாலும் ஹார்மோன் ஏற்பிகள் அற்றவை, விரைந்து வளர்பவை, இரண்டு ஸ்கேன்களுக்கு இடைப்பட்ட மாதங்களிலேயே தலைகாட்டக்கூடியவை. பிஆர்சிஏ-2இல் தோன்றுவன பெரும்பாலும் ஹார்மோன் ஏற்பி உடையவை. அவற்றுக்கு மருந்துகள் மிகுதி.

'முறையான கண்காணிப்பு' என்னும் தொடரை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். 25 வயது முதல் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், 30 வயது முதல் அதனுடன் மேமோகிராம் என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். மேமோகிராம் மட்டும் போதாது. இடர் மிக்க 1,909 பெண்களைக் கொண்டு 2004இல் வெளியான டச்சு ஆய்வில், பரவும் தன்மையுள்ள புற்றுகளுள் மேமோகிராம் கண்டறிந்தது 33 விழுக்காடு, எம்.ஆர்.ஐ. கண்டறிந்தது ஏறத்தாழ 80 விழுக்காடு. இளம்பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியானது. மேமோகிராமில் திசுவும் வெண்மை, கட்டியும் வெண்மை. ஆகவே 'கண்காணித்துக்கொள்கிறேன்' எனக் கூறி ஆண்டுக்கொருமுறை மேமோகிராம் மட்டும் எடுத்துக்கொள்ளும் பெண், மேற்கண்ட 93, 98 என்னும் எண்களை நம்பியிருக்க இயலாது. எம்.ஆர்.ஐ. வசதி மாவட்டத் தலைநகருக்கோ பெருநகருக்கோ பயணம் செய்தால்தான் கிட்டும் என்ற நிலையில் வாழ்பவருக்குத் தராசு அறுவையின் பக்கம் சற்றே சாய்வதில் நியாயம் உண்டு.

காலம் குறித்து நேரடியாக வினவிய ஆய்வொன்றும் உள்ளது. 2010இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட கணினி மாதிரியின்படி, மார்பக அகற்றத்தை 40 வயதில் செய்துகொள்வதற்குப் பதிலாக 25 வயதிலேயே செய்துகொள்வதால் 70 வயதுவரை உயிர்வாழ்வோர் விகிதத்தில் கூடுவது 1 முதல் 2 விழுக்காடே. அகற்றத்தைக் கைவிட்டு எம்.ஆர்.ஐ., மேமோகிராம் கண்காணிப்பை மேற்கொண்டால் குறைவது 2 முதல் 3 விழுக்காடே. இவை 40 வயதில் சினைப்பைகளை அகற்றிக்கொண்ட பெண்ணுக்கான கணக்குகள் என்பது கருதத்தக்கது.

எனினும் உயிர் பிழைத்தல் ஒன்றே அளவுகோல் அன்று. கண்காணிப்பில் கண்டறியப்பட்ட கட்டிக்கும் அறுவை, வேதிமருத்துவம், சில வேளை கதிர்வீச்சு ஆகியவை தேவைப்படும். தாய் வேதிமருத்துவத்தில் துன்புற்றதை அருகிருந்து கண்ட மகள், 'நான் இறவாமல் இருப்பேன் என்பது போதாது; அந்தச் சிகிச்சையே எனக்கு வேண்டாம்' எனக் கருதி அறுவையைத் தேர்வாராயின் அது பகுத்தறிவுக்கு உடன்பட்ட முடிவே. ஆறுமாதத்திற்கொருமுறை ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருந்து உறக்கம் இழப்பவரின் நிலையும் அத்தகையதே.

முந்த வேண்டியது சினைப்பை

மார்பகத்தையே எண்ணிக் கவலையுறும் பெண், உயிருக்குக் கூடுதல் ஊறு விளைக்கும் மற்றோர் உறுப்பை மறந்துவிடுவதுண்டு. 80 வயதிற்குள் சினைப்பைப் புற்றுநோய் இடர் பிஆர்சிஏ-1இல் 44 விழுக்காடு, பிஆர்சிஏ-2இல் 17 விழுக்காடு. இந்நோயை முன்கூட்டிக் கண்டறிந்து உயிர் காக்கும் சோதனை இல்லை. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமகளிரைக் கொண்டு பிரித்தானியாவில் நடந்த ஆய்வின் 2021ஆம் ஆண்டு முடிவு, இரத்தச் சோதனையும் ஸ்கேனும் இறப்பைக் குறைக்கவில்லை எனக் காட்டியது. அதனால் மார்பகத்தைப் போலன்றி இங்கே கண்காணிப்பு என்னும் மாற்று வழி இல்லை. குழந்தைப்பேறு முடிந்தபின் பிஆர்சிஏ-1 பிறழ்வுடையோர் 35 முதல் 40 வயதிற்குள்ளும், பிஆர்சிஏ-2 பிறழ்வுடையோர் 40 முதல் 45 வயதிற்குள்ளும் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொள்வது வழிகாட்டுதல். ஜோலியும் 2015 மார்ச் மாதத்தில், 39ஆம் வயதில், அவ்வறுவையைச் செய்துகொண்டதை எழுதினார்.

இவ்வறுவையால் மாதவிடாய் நின்றுவிடும். எலும்புத் தேய்வு, வெப்ப அலை, உறக்கமின்மை போன்றவை இளவயதிலேயே தொடங்கும். மார்பகப் புற்றுநோய் இல்லாத பெண்ணுக்குக் குறுகிய கால ஹார்மோன் மருந்து தரப்படுவதுண்டு. சினைப்பை அகற்றம் மார்பகப் புற்றுநோய் இடரையும் பாதியாக்கும் என முன்னர்க் கருதப்பட்டது. 2015இல் வெளியான டச்சு மறுஆய்வு, பழைய ஆய்வுகளின் கணக்கீட்டுச் சார்பை நீக்கினால் அப்பயன் புலப்படவில்லை என வாதிட்டது. ஆகவே ஒன்றைச் செய்துகொண்டதனால் மற்றதைப் பற்றிய வினா தானே தீர்ந்துவிடாது.

அறுவையும் அதன் பின்னும்

'மார்பகத்தை எடுத்துவிட்டு அழகாகத் திரும்ப வைத்துவிடலாம்' எனச் சுருக்கிச் சொல்லப்படுவதுண்டு. ஜோலியின் சிகிச்சை பிப்ரவரித் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் இறுதிவரை மூன்று கட்டங்களாக நிகழ்ந்தது. உலகின் மிகச் சிறந்த வசதிகளைப் பெறக்கூடியவருக்கே அத்தனை காலம். மீளமைப்பு சிலிக்கான் பைகளாலோ வயிற்றுப்பகுதித் தசை, கொழுப்பு ஆகியவற்றாலோ செய்யப்படுகிறது. பைகள் வாழ்நாள் முழுதும் நிலைப்பன அல்ல, மாற்றறுவை தேவைப்படலாம். வயிற்றுத் திசுவைக் கொண்டு செய்வது நீண்ட அறுவை; வயிற்றிலும் வடு உண்டாகும். மீளமைப்பே வேண்டாம் எனத் தட்டையாக விட்டுவிடும் பெண்களும் உளர். அதுவும் ஆலோசனையில் இடம்பெற வேண்டிய தேர்வே.

எம்முறையாயினும் தொடுவுணர்வு பெரும்பகுதி இழக்கப்படுகிறது. தாய்ப்பாலூட்ட இயலாது. பார்வைக்கு மார்பகம் போன்று இருப்பது உணர்வுக்கு அவ்வாறு இருப்பதில்லை என்பதை அறுவைக்கு முன் சொல்லாதுவிடின், பின்னர் அது ஏமாற்றமாகவே உணரப்படும்.

மேயோ கிளினிக்கில் அறுவை செய்துகொண்ட பெண்களிடம் பின்னர் வினவியதில் 70 விழுக்காட்டினர் நிறைவு தெரிவித்தனர். 19 விழுக்காட்டினர் நிறைவின்மை தெரிவித்தனர். எஞ்சியோர் இரண்டிலும் சாராதோர். புற்றுநோய் குறித்த கவலை குறைந்தது என்றோர் 74 விழுக்காடு. இதனினும் நோக்கத்தக்கது 1998இல் வெளியான மற்றோர் ஆய்வு. அதில் 370 பெண்களுள் 21 பேர் தம் முடிவுக்கு வருந்தினர். வருந்தியோர் விகிதம், அறுவை பற்றிய பேச்சை மருத்துவர் தொடங்கிய நிலையில் மிகுதியாகவும், பெண்ணே தொடங்கிய நிலையில் குறைவாகவும் இருந்தது. மருத்துவரின் கடமை தகவலைத் தருவது; எனினும் தகவலுக்கும் உந்துதலுக்கும் இடையிலான எல்லை நோயச்சத்தில் இருப்பவர் முன்னே மிக மெலிது. தமிழ்ச் சூழலில் 'நீங்களே சொல்லுங்கள் டாக்டர்' என்று முடிவை ஒப்படைத்துவிடும் வழக்கம் பரவலானது என்பதால் இம்முடிவு இங்கே கூடுதல் பொருள் பெறுகிறது.

குடும்ப வரைபடமும் தமிழர் உறவுமுறையும்

தென்னிந்தியக் குடும்பங்களில் பிஆர்சிஏ பிறழ்வுகள் பற்றிய ஆய்வைச் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையினர் 2003ஆம் ஆண்டளவிலேயே வெளியிட்டுள்ளனர். கிழக்கு ஐரோப்பிய யூதரிடையே மிகுதியாகக் காணப்படும் '185 டெல் ஏஜி' என்னும் பிஆர்சிஏ-1 பிறழ்வு இந்தியக் குடும்பங்களிலும் கண்டறியப்பட்டது. அது இங்கே தனித்துத் தோன்றியது எனக் காட்டும் ஆய்வும் உண்டு. ஆதலின் இஃது எங்கோ உள்ளோரின் சிக்கல் அன்று.

பிறழ்வு தாய்வழியும் தந்தைவழியும் சமமாக, ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி என்ற அளவில் கடத்தப்படுகிறது. எனினும் 'அம்மாவுக்கு இருந்ததா, பாட்டிக்கு இருந்ததா' என்பதோடு கேள்வி நின்றுவிடுகிறது. அத்தைக்கு வந்த மார்பகப் புற்றுநோய் சித்திக்கு வந்ததற்கு இணையான செய்தி என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இடையில் நிற்கும் தந்தைக்கு நோய் ஏதும் இல்லாமையே காரணம்.

தமிழகத்தில் உறவுமுறைத் திருமணம் இதில் ஒரு தனிச் சிக்கலைச் சேர்க்கிறது. அத்தை மகனை மணந்த பெண்ணிடம் மருத்துவமனைப் படிவம் இரத்த உறவினரைப் பற்றிக் கேட்கும்போது, அவர் தம் மாமியாரைக் குறிப்பிடாமல் விடக்கூடும். குறிப்பிட்டாலும் மாமியார் இரத்த உறவல்லர் எனப் படிவம் நிரப்புவோர் தள்ளிவிடக்கூடும். உண்மையில் அம்மாமியார் தந்தையின் உடன்பிறந்தவர். மேலும் கணவன் மனைவி இருவரும் ஒரே பிஆர்சிஏ-2 பிறழ்வைப் பெற்றிருந்தால், நான்கில் ஒரு பங்கு அளவில் குழந்தை இரு படிகளும் பழுதாகப் பிறக்கக்கூடும். ஃபான்கோனி இரத்தசோகை என்னும் கொடிய நோய் அதனால் வரும். மேலைநாட்டில் உருவான படிவத்தை அப்படியே மொழிபெயர்த்துப் பயன்படுத்துவது இங்கே போதாது. உறவுப் பெயரோடு, திருமணத்துக்கு முன்பிருந்த உறவையும் கேட்டுப் பதிய வேண்டும்.

சோதனையில் சில வேளை 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்னும் முடிவு வரும். மரபணுவில் ஒரு வேறுபாடு உள்ளது, அது தீங்கானதா எனத் தெரியவில்லை என்பது இதன் பொருள். உலகத் தரவுத் தொகுப்புகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரிடமிருந்து பெறப்பட்டவையாதலின் இந்தியருக்கு இம்முடிவு கூடுதலாக வருகிறது. இதனை அடிப்படையாகக் கொண்டு மார்பகத்தை அகற்றுதல் கூடாது. இத்தகைய மாற்றங்களுள் பெரும்பாலானவை பின்னர்த் தீங்கற்றவை என மறுவகைப்படுத்தப்படுகின்றன. அகற்றிய மார்பகத்தை அதன் பின்னர் மீட்க இயலாது.

இரு பெண்கள்

எடுத்துக்காட்டாக, பிஆர்சிஏ-2 பிறழ்வுடைய 28 வயதுப் பெண் ஒருவரைக் கொள்ளலாம். திருமணம் ஆகவில்லை, குழந்தை பெற்றுப் பாலூட்ட விரும்புகிறார். நாற்பது வயதுவரை அவருக்குள்ள இடர் 10 விழுக்காட்டை ஒட்டியது. ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ள இயலுமாயின் மார்பக அகற்றத்தை நாற்பது வயதுவாக்கில் மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். அது தயக்கம் அன்று. கணக்கின் வழிப்பட்ட முடிவு. திருமணப் பேச்சின்போது இதனைச் சொல்வதா என்னும் வினா அவர் குடும்பத்தில் மரபணுவைவிடப் பெரிய வினாவாக எழக்கூடும். மணவயதை முன்னிட்டு 'முதலில் கல்யாணம், பிறகு சோதனை' எனப் பெற்றோர் ஒத்திவைக்கும்போது, கண்காணிப்பு தொடங்க வேண்டிய ஆண்டுகளே கழிந்துவிடுகின்றன.

மற்றவர் 38 வயதினர், பிஆர்சிஏ-1 பிறழ்வுடையவர், இரு குழந்தைகளின் தாய். தாய்க்குச் சினைப்பைப் புற்றுநோய். இவருக்கு முதலில் செய்ய வேண்டியது சினைப்பை, கருக்குழாய் அகற்றம். அதற்குக் காலம் வந்துவிட்டது. நாற்பதிலிருந்து ஐம்பது வயதுவரை மார்பகப் புற்றுநோய் இடர் ஏறத்தாழ நான்கில் ஒன்று. கட்டி விரைந்து வளரும் வகையாக இருக்கக்கூடும். மார்பக அகற்றத்துக்கான வாதம் இவரிடத்தில் வலிமையானது. எனினும் இரு அறுவைகளையும் ஒரே காலத்தில் செய்துகொள்வதா, ஓராண்டு இடைவெளி விடுவதா, மீளமைப்பு வேண்டுமா, வீட்டில் சில வாரங்கள் யார் துணை நிற்பார் என்பவை எண்களால் தீராதவை.

இப்பெண்ணுக்குத் தங்கை ஒருவர் இருப்பின் அவருக்கும் பாதிக்குப் பாதி. அக்காளிடம் கண்டறியப்பட்ட அதே பிறழ்வைத் தேடும் சோதனை எளிது. முழு மரபணுவையும் படிப்பதைவிடச் செலவும் குறைவு. தங்கையிடம் அப்பிறழ்வு இல்லையெனில், தாயும் அக்காளும் எத்தனை துன்புற்றிருப்பினும், அப்பிறழ்வின் இடர் அவருக்கு இல்லை. அவர் பிள்ளைகளுக்கும் அவர்வழி அது செல்லாது. ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை, பொதுவாக எல்லாப் பெண்களுக்கும் கூறப்படும் பரிசோதனைகளே அவருக்குப் போதும்.